பக்கத்து இருக்கை மச்சினன்

மார்ச் 11, செவ்வாய்

கிழக்குக் கேலரியை இடிக்கிறார்களாம். கால்பந்து கிளப்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது, "அன்பான குடும்பத்தாருக்கு" என்று ஆரம்பித்து. நான் எப்போது இவர்களுக்குக் குடும்பமானேன்? இருக்கிற குடும்பமே தாங்கவில்லை.

இடித்த இடத்தில் கண்ணாடி அறைகள் வரப்போகின்றன. உள்ளே சோபாவில் சாய்ந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடலாம். நம் அணி ஆடுகிற லட்சணத்துக்கு அதுவே புத்திசாலித்தனம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யோசனை தலைவருடையது. குளியலறை ஓடு விற்றுப் பெரிய ஆளானவர். வெறும் சுவரைக் கண்டால் எதையாவது பளபளவென்று ஒட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது.

கிழக்கில் இருக்கிறவர்கள் சீசன் முடிந்ததும் வேறு பக்கத்தில் இருக்கை தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று வடக்கு, கோலுக்குப் பின்னால். அல்லது மேற்கு, கூரைக்குக் கீழே, மெத்தைக்காரர்களோடு. வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்து போட்டு உட்காருகிறவர்களுக்கு நான் வைத்த பெயர் அது. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

இதில் ஒரே ஒரு நல்லது உண்டு. மச்சினன் தொலைந்தான். என் மனைவியின் தம்பி. பதினெட்டு வருடமாக என் இடது தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் – நானும் பேசாமல் – மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறவன். இனி அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. இந்த கிளப் இதைவிட நல்ல செய்தி எனக்குத் தந்ததில்லை.

மார்ச் 15, சனி

தோல்வி. எத்தனை கோல் என்று எழுத மாட்டேன். எழுதினால் அது நடந்ததாக ஆகிவிடும்.

புது முன்கள வீரன் தங்க நிறத்தில் பூட்ஸ் போட்டிருந்தான். கோல்கீப்பர் தரையில் விழுந்து கிடக்கிறான், கோல் வாய் பிளந்து கிடக்கிறது, இவன் பந்தை வானத்துக்கு அனுப்பினான். பிறகு தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தான். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

மழை. வழக்கம்போல் பழைய பேப்பர் கொண்டுபோயிருந்தேன். ஈர இருக்கையில் ஒன்று எனக்கு விரித்தேன், ஒன்று அவனுக்கு. அவன் ஈரமாக உட்கார்ந்தால் ஆட்டம் முழுக்க நெளிவான், எனக்குத் தொந்தரவு. அதற்காகத்தான். இடைவேளையில் அவன் போய்த் தேநீர் வாங்கிவந்து ஒரு கோப்பையை என் காலடியில் வைத்தான். நான் குடித்தேன். அது பேச்சு ஆகாது.

இரண்டாவது பாதியில் நான் காற்றைப் பார்த்து, "மடையன்" என்றேன். அவனும் காற்றைப் பார்த்து, "அவனை எறக்கினவன் அதைவிட மடையன்" என்றான். காற்றோடு பேசுவது கணக்கில் வராது.

மார்ச் 16, ஞாயிறு

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அன்று நடந்ததை நான் இதுவரை எழுதியதே இல்லை. பிரியப்போகிற நேரத்திலாவது எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் அநியாயக்காரன் என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். சமநிலையில் இருந்தோம். நமக்குப் போட்டியாகப் பட்டியலில் கீழே கிடந்த இன்னொரு அணி வேறு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் தோற்றால் நமக்குச் சமநிலை போதும். இல்லையென்றால் நாம் ஜெயித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. மச்சினன் காதில் ரேடியோ. நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கேலரியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று துள்ளி எழுந்தான். "வாங்கிட்டானுங்க! அவனுங்க கோல் வாங்கிட்டானுங்க!"

ரேடியோக்காரன் 'கோல்' என்றான், அவ்வளவுதான். யார் போட்டது என்று அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுக்க இந்த மனிதனால் முடியவில்லை. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு பொறுத்திருக்கலாம். கோல் போட்டது அவர்கள்!

அதற்குள் கேலரி முழுக்கத் தீ மாதிரிப் பரவிவிட்டது. "போதும், போதும்" என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினோம். நம் கேப்டனுக்கும் அது எட்டியது. அவன் பந்தை எடுத்துக்கொண்டுபோய் கார்னர்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். எதிரணிக்காரர் இரண்டு பேரைப் பின்புறத்தால் தள்ளிக்கொண்டு, பந்தை மிதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவ்வளவு அழகாக நேரத்தை வீணடித்த மனிதனை நான் பார்த்ததில்லை. நமக்குத் தேவையாக இருந்ததோ ஒரு கோல். ஒருவரும் அதற்கு முயற்சி செய்யவில்லை. கைதட்டிக்கொண்டே கீழ்ப்பிரிவுக்குப் போன ஒரே கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

அன்று மாலை மாமனார் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், "இனி உங்கிட்ட பேசினேன்னா என்னை ஏன்னு கேளு" என்றேன். ஒரு மன்னிப்பு? ஒரு 'தெரியாம சொல்லிட்டேன் அத்தான்'? மூச்! அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்குப் போனால் பக்கத்து இருக்கையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். எழுந்துபோக வேண்டியவன் அவனா, நானா? தப்பு செய்தவன்தான் போக வேண்டும். நான் ஏன் போக வேண்டும்?

ஏப்ரல் 9, புதன்

ஆய்வுக்கூடத்தில் காலையெல்லாம் குடிநீர் மாதிரிகள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற வேலைக்கு வேதியியலில் முதுகலை. பயிற்சிக்கு வந்தபோது குழலைக் கழுவ நான் கற்றுக்கொடுத்த பெண் இன்று என் மேலாளர். "சார், இந்த வாரமும் கிளப் தோத்துடுச்சாமே" என்று தினமும் துக்கம் விசாரிக்கிறாள். துக்க வீட்டில்கூட இவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். "எங்க எடுக்கப்போறீங்க, வடக்கா மேற்கா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"தம்பிக்கு முட்டி ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து படி ஏற முடியல. வடக்குல லிஃப்ட் கிடையாதாமே."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னாளாம். இந்த வீட்டில் யாரும் எதையும் சும்மா சொன்னதில்லை.

மே 3, சனி

பழைய கேலரியில் கடைசி ஆட்டம். ஜெயித்தோம், அதுவும் எதிரணியின் தயவால். அவர்களுடைய ஆள் ஒருவன் தன் கோலிலேயே பந்தைத் தலையால் தட்டினான். இன்று நாம் போட்ட ஒரே கோல் அது. தங்க பூட்ஸ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான். மனசாட்சி உள்ள பயல்.

ஆட்டம் முடிந்ததும் ஒப்பாரி. கிழம் கட்டைகள் எல்லாம் கம்பியைத் தடவி அழுதுகொண்டிருந்தன. சிலர் வீட்டிலிருந்தே திருப்புளி கொண்டுவந்து இருக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நம் அணிக்காரர்கள் ஆட்டத்தின்போது இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருந்தால் கோப்பையே வாங்கியிருக்கலாம்.

எங்கள் படிக்குக் கைப்பிடி கிடையாது. வழக்கம்போல் நான் ஒரு படி முன்னால் இறங்கினேன், அவன் என் தோளில் கை வைத்து இறங்கினான். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான். என்னைக் கைப்பிடியாக வைத்துக்கொள்கிறான். கைப்பிடிக்கு வாய் கிடையாது, அதனால் நானும் எதுவும் சொல்வதில்லை. கீழே வந்ததும் கையை எடுத்தான். கொஞ்சம் தாமதமாக எடுத்தான் என்று தோன்றியது. முட்டி வலியாக இருக்கும்.

அவன் அந்தப் பக்கம் போனான். நான் இந்தப் பக்கம் வந்தேன். சனியன் விட்டது.

மே 20, செவ்வாய்

இருக்கை எடுத்துவிட்டேன். மேற்கு.

காரணத்தை எழுதிவைக்கிறேன், பிறகு யாராவது திரித்துப் பேசக் கூடாது. வடக்கில் காற்று முகத்தில் அடிக்கும். எனக்குச் சைனஸ். மேற்கில் கூரை இருக்கிறது. நாற்பதைத் தாண்டி, ஐம்பதையும் தாண்டப்போகிறவன் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டு குதித்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் காரணம்.

கிளப் அலுவலகப் பெண் கணினித் திரையில் கட்டம் கட்டமாகக் காட்டினாள். சாம்பல் நிறம் ஆள் எடுத்தது, பச்சை காலி. லிஃப்டுக்கு நேரே உள்ள வரிசையில் இரண்டாவது கட்டத்தைத் தொட்டேன்.

"சார், இதே வரிசையில ஓரத்து இருக்கையே காலியா இருக்கே. காலை நீட்டிக்கலாம். அதை எடுத்துக்கோங்களேன்."

"வேண்டாம்."

"எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க சார்."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

அவள் ஒருமாதிரி பார்த்தாள். இந்தக் காலத்துப் பெண்கள் எதற்கெடுத்தாலும் ஒருமாதிரி பார்க்கிறார்கள். இன்று மதியம் யார் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். நானும் பொதுவாகத்தான் கேட்டேன்.

மே 21, புதன்

அவனும் நேற்றே போய் எடுத்துவிட்டானாம். எந்தப் பக்கம் என்று மனைவி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

புது சீசன். புதுச் சின்னம். பழைய சின்னத்தில் ஒரு கழுகு இருந்தது, பறக்காவிட்டாலும் கழுகு. இப்போது நான்கு கோடுகள். என்ன என்று விசாரித்தால் 'முன்னேற்றம்' என்கிறார்கள். நாலு கோடும் கீழ்நோக்கிச் சரிகின்றன. வரைந்தவன் நேர்மையானவன்.

ஓரத்து இருக்கைக்கு ஆள் வந்தது. ஒரு பல் மருத்துவர். வந்ததும் கைகொடுத்தார், மெத்தையை விரித்தார், முந்திரிப் பருப்பு டப்பாவைத் திறந்து நீட்டினார். எதிரணி கோல் போட்டதும் – இதை எழுதவே கை கூசுகிறது – கை தட்டினார்.

"நல்ல கோல் இல்லையா சார்? ரசிக்க வேண்டியதை ரசிக்கணும்."

"அப்படின்னா அவங்க ஊர்லயே போய் உட்கார்ந்து ரசிக்கலாமே."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். கைதட்டி என்று பெயர் வைத்துவிட்டேன். இடைவேளையில் என் காலடியைப் பார்த்தேன். தரைதான் இருந்தது. சுத்தமான தரை, புதிதாக ஓடு பதித்திருக்கிறார்கள்.

"மடையன்" என்றேன் காற்றைப் பார்த்து. கைதட்டி திரும்பி, "யாரு சார், என்னையா?" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மச்சினன் வடக்கில் எடுத்திருக்கிறான்!

இன்று மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். வரும்போதே முகம் சரியில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டு ஏண்டா வடக்குல எடுத்தேன்னு கேட்டேன். 'அத்தான் வேற எங்க எடுப்பாரு? மேற்குன்னாலே காறித் துப்புறவராச்சே'ங்கிறான்."

நான் பேப்பரைப் புரட்டினேன்.

"அதுவும் தூணுக்குப் பின்னாடி எடுத்திருக்கான். அதுக்கு அடுத்தது நல்லாத் தெரியற சீட்டாம், அதைக் காலியா விட்டானாம். நீங்க வருவீங்கன்னு. இப்ப அதுல மேளக்காரன் ஒருத்தன் வந்து உட்கார்ந்துட்டான். நேத்து பூரா இவன் காதுகிட்ட டம் டம் டம்னு." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. "ரெண்டு கழுதைங்க... கடவுளே... ரெண்டு கழுதைங்க..."

"நான் காத்துக்காகத்தான் எடுத்தேன்," என்றேன். "எனக்குச் சைனஸ்."

"ஆமா ஆமா. சைனஸ்."

முட்டாள். அடிமுட்டாள். எப்போதும் போல முழுசாகக் கேட்காமல், விசாரிக்காமல், தானாகவே முடிவு பண்ணிக்கொண்டு – அவன் புத்தியே இதுதான்! யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியதுதானே? அக்காவைக் கேட்கலாமே? லிஃப்ட் இல்லாத இடத்தில் போய், தூணைப் பார்த்துக்கொண்டு, எனக்காகவாம். யார் கேட்டா அவனை?

நானும் கேட்கவில்லைதான். அது வேறு.

ஆகஸ்ட் 30, சனி

தூரக்கண்ணாடி கொண்டுபோனேன், ஆட்டத்தைச் சரியாகப் பார்க்க. வடக்கில் தூணுக்குப் பக்கத்தில் பார்த்தேன். அவன் ஆட்டம் முழுக்கக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான். தூணுக்கு இடது பக்கம் பந்து போனால் இடது, வலது பக்கம் போனால் வலது. காற்றாடி பொம்மை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது. தோற்றோம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

கைதட்டியிடம் இன்று விளக்கமாகச் சொல்லிவிட்டேன். எதிரணிக்குக் கை தட்டுவது, விழுந்தவன் எழுந்தால் கை தட்டுவது, ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தால்கூடக் கை தட்டுவது – இதற்கெல்லாம் என்ன பெயர் தெரியுமா என்று கேட்டேன். பல் பிடுங்கும்போது நோயாளி கத்தினால் அதற்கும் கை தட்டுவீர்களா என்று கேட்டேன். மரத்துப்போகிற ஊசி ஒன்று கையோடு இருந்தால் எனக்குப் போடுங்கள், இந்த அணியின் பின்வரிசைக்குத் தேவைப்படாது, அது ஏற்கனவே மரத்துத்தான் கிடக்கிறது என்றேன். முன் வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இடைவேளைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மெத்தையை மட்டும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அலுவலகப் பெண் ஆய்வுக்கூடத்துக்கே போன் செய்தாள். கைதட்டி வேறு இடம் கேட்டு மாறிவிட்டாராம். என் மேல் புகாரும் கொடுத்திருக்கிறாராம்.

"கொஞ்சம் பாத்துப் பேசுங்க சார். அடுத்த தடவை நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஓரத்து இருக்கை இப்ப காலியா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உறுப்பினர் யாராவது மாத்திக் கேட்டா கொடுப்போம். இல்லேன்னா காத்திருக்கிறவங்களுக்குப் போயிடும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் எனக்கு ஒரு நல்லது செய்திருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

மனைவியிடம் சொன்னேன். "உன் தம்பிகிட்ட சொல்லு, மேற்குல ஓரத்து சீட்டு காலின்னு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"வாயாலதான். ஊர்ல பல் டாக்டர் வரைக்கும் சொல்ல முடியுதில்ல?"

"பேசறதில்லன்னு சொல்லியிருக்கேன்."

"பதினெட்டு வருஷமா எனக்குத் தபால்காரி வேலை. 'உன் தம்பிகிட்ட சொல்லு', 'அத்தான்கிட்ட சொல்லுக்கா'. நேத்தோட ராஜினாமா பண்ணிட்டேன். வேணும்னா போய்ச் சொல்லுங்க. வேணாம்னா அவன் தூணைப் பாத்துட்டுக் கிடக்கட்டும்."

கிடக்கட்டும். எனக்கென்ன?

வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

அரை நாள் விடுப்பு எடுத்தேன். மேலாளர் காரணம் கேட்டாள். "துணி வெளுக்க" என்றேன். உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மச்சினனுடைய சலவைக் கடைக்கு நான் போய் எத்தனையோ காலம் ஆகிறது. அதே நீராவி, அதே பெட்ரோல் வாசனை, கூரையிலிருந்து தொங்குகிற யாருடையவோ கோட்டுகள். அவன் ஒரு சட்டைக் காலரைக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். நான் என் குளிர்காலக் கோட்டைக் கவுண்டர் மேல் வைத்தேன். நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பாக்கெட்டுகளைத் துழாவினான், எல்லா வாடிக்கையாளரிடமும் செய்வதுபோல. உள்ளே ஒன்றும் இல்லை.

"என்னைக்கு வேணும்?"

அவன் என்னைப் பார்த்துக் கேட்டான், காற்றைப் பார்த்து இல்லை. சரி. வியாபாரம் அது.

"அவசரமில்ல," என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். சைனஸ். "மேற்குல ஓரத்து சீட்டு காலியாகியிருக்கு. என் சீட்டுக்குப் பக்கத்துல. நாளைக்குள்ள மாத்திக் கேட்கணும்."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தான்.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும்."

"முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா அத்தான்? இல்ல பாதியிலயே ஓடி வந்துட்டீங்களா?"

அந்தத் தைரியம்! என் முகத்துக்கு நேரே! என்னிடம் அதைக் கேட்க இந்த உலகத்திலேயே அருகதை இல்லாத ஒருவன்! வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் அங்கேதான் இருந்தது, வரிசையாக. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி வாங்கத் தயாராக நிற்கிற பையன் முகம் அது.

"முழுசாத்தான் கேட்டேன்," என்றேன்.

அவன் தலையாட்டினான். ரசீது எழுதினான். "அந்த மேளக்காரன் இருக்கானே அத்தான்... கோல் வாங்கினாலும் அடிக்கிறான்."

"என் பக்கத்துல ஒருத்தன் கை தட்டினான்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"அட கஷ்டமே," என்றான் மச்சினன், மனசாரவே.

செப்டம்பர் 27, சனி

படுதோல்வி. பின்வரிசை நால்வரும் ஒருவரையொருவர் இதற்கு முன் சந்தித்தவர்களாகவே தெரியவில்லை. தங்க பூட்ஸைப் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள். கூட்டம் அதற்குத்தான் இன்றைய பெரிய ஆரவாரம் செய்தது. தலைவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையசைத்தார். 'முன்னேற்றம்' என்று எழுதிய பலூன் ஒன்று ஒலிபெருக்கியில் மாட்டிக்கொண்டு காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்த கிளப் உருப்படாது. என் ஆயுளில் உருப்படாது.

மச்சினனுக்கு ஆஃப்சைடு விதி இன்றுவரைக்கும் புரியவில்லை என்பதும் இன்று உறுதியாயிற்று. கடைசி கோல் செல்லாது என்று சாதிக்கிறான். பந்து கிளம்பின நேரத்தில் அந்த ஆள் எங்கே நின்றான் என்பதுதான் கணக்கு, பந்து வந்து சேருகிறபோது எங்கே நின்றான் என்பது இல்லை. இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பஸ் நிறுத்தத்தில் நின்று குடையால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். "அதெப்படி அத்தான்?" என்று மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினான். மண்டைக்குள் ஏறினால்தானே!

நாங்கள் ஏற வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டன.